அப்பாவுக்கு மட்டும் வெண்ணெய்

"வாயைத் தெறங்கப்பா, ஒரு வாய்தான்" என்று ஹில்டே காபியில் ஊறிய பிஸ்கட்டைக் கரண்டியில் ஊட்டினாள்.

மாவுக்கையோடு படியேறி வந்த தம்பி யோரிஸ் கரண்டியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். கட்டிலருகே அப்பாவுக்கென்று அவன் வைத்திருந்த பிஸ்கட் டப்பா மூடியபடியே இருந்தது. அக்கா கீழே பேக்கரியில், கடைகளுக்குப் போகும் லாரிக்கு அடுக்கிய பெட்டியிலிருந்து எடுத்து வந்திருக்கிறாள்.

வெண்ணெய் விலை ஏறிய குளிர்காலத்தில் யாரிடமும் சொல்லாமல் பாமாயிலுக்கு மாறியவன் அவன். பெட்டிமேல் தாத்தா காலத்துக் குடும்பப் பெயர் அப்படியே இருந்தது. அப்பாவுக்கு மட்டும் தினமும் ஒரு சின்னத் தட்டு வெண்ணெயில் சுடுவான்.

அப்பா ஒக்தாஃப் மெல்லுவதை நிறுத்தினார்.

"யாரு சுட்டது இது?"

ஹில்டே வாய் திறக்குமுன் யோரிஸ் முந்திக்கொண்டான். "வேற கம்பெனி சரக்குப்பா. அக்கா தெரியாம எடுத்துட்டு வந்துட்டா."

"அதானே பாத்தேன்." அப்பா சிரித்தார். "பாவம்டா அவன். சொல்லிக் குடுக்க அப்பன் இல்ல போலிருக்கு."

அன்று மதியத்துக்குள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

அடக்கத்தன்று காலையில் ஹில்டே அடுப்படிக்கு வந்தாள். அதற்குள் பாமாயில் விஷயம் எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"வெண்ணெய் வாங்கி வெச்சிருக்கேன். அடக்கத்துக்கு வர்றவங்களுக்குக் குடுக்குற சாவுக் காபிக்கு, இன்னிக்கு ஒரு நாளாவது ஒழுங்கா சுடு. ஊர் சிரிக்க வேணாம்."

"லாரிக்குப் போறதையே வைக்கிறேங்கா."

"பைத்தியமாடா உனக்கு? மோரிஸ் மாமா காலமெல்லாம் இந்த அடுப்புல நின்னவரு. நாக்குல பட்டதும் கண்டுபிடிச்சிடுவாரு."

"கண்டுபிடிக்கட்டும்."

"பொய்ய அப்பாகிட்ட சொல்லிட்டு, உண்மைய ஊருக்குப் பரிமாறப் போறியா?"

அவன் லாரிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனான்.

புதைத்துவிட்டு வந்தவர்கள் ஈரக் கோட்டுகளோடு கூடத்தில் உட்கார்ந்தார்கள். மோரிஸ் மாமா பிஸ்கட்டைக் காபியில் முக்கினார். இந்த வீட்டுப் பிஸ்கட் முக்கினால் நொடியில் தளர்ந்து விழுந்துவிடும். அந்தப் பழக்கத்தில் அவசரமாகத் தலையைக் குனிந்து வாயைக் கொண்டுபோனார். பிஸ்கட் விறைத்துக்கொண்டு நின்றது.

கடித்தார். வெகுநேரம் மென்றார். யோரிஸ் நகராமல் எதிரே நின்றான்.

மிச்சப் பாதியை மாமா சாஸர் ஓரத்தில் வைத்தார்.

"காபி நல்லாருக்குப்பா" என்றார், அவன் முகத்தைப் பார்க்காமல்.

யோரிஸ் அவர் கோப்பையை நிரப்பிவிட்டு, கூஜாவோடு அடுத்த மேசைக்குப் போனான். அங்கேயும் சாஸர் ஓரங்களில் பாதிகள் சேரத் தொடங்கியிருந்தன.