தாய்வழி

மோலிக்கும் டேவிஸுக்கும் ஒரே பிள்ளை, ஷாரன். ஆறு வயது, ஆட்டிசம். இரண்டு வயதில் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு, வந்திருந்த நாலைந்து வார்த்தைகளும் போய்விட்டன. கொஞ்சம் விளையாடினாலே சோர்ந்து படுத்துக்கொள்வாள். அதைக் கேட்டதும் மைசூரு டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதினார்.

“மூளைக்கு நிறைய சக்தி வேணும். ஆட்டிசம் இருக்கற சில பிள்ளைங்களுக்கு, செல்லுக்குள்ள சக்தியை உண்டாக்கற மைட்டோகாண்ட்ரியா சரியா வேலை செய்யறதில்லை. அதுதான் காரணம்னு யாரும் உறுதியா சொல்லல. பார்த்துடலாம்.”

“பரம்பரையா சார்?” என்றான் டேவிஸ்.

“சில வகை அம்மா வழியா வரும். ஆனா எல்லாருக்கும் அப்படி இல்ல...”

‘ஆனா’வுக்குப் பிறகு சொன்னதை மோலி மட்டும்தான் கேட்டாள்.

அந்த ஞாயிறே விஷயம் டேவிஸின் அக்கா பொன்னம்மாவிடம் போய்விட்டது. அவள் மகளுக்குக் கொள்ளேகாலில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஷாரனைப் பற்றிக் கேள்விப்பட்டு மாப்பிள்ளை வீட்டார் தயங்கினார்கள். “அது அம்மா வழியில வந்ததாம், டாக்டரே சொல்லிட்டார். எங்க ரத்தத்துல ஒண்ணுமில்ல,” என்று பொன்னம்மா சொன்ன பிறகே நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள்.

பரிசோதனை முடிவில் கோளாறு எதுவும் இல்லை. “இவளுக்கு அந்தப் பிரச்சினை இருக்கறதா தெரியல,” என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் மோலி, “அக்காகிட்ட சொல்லுங்க,” என்றாள்.

“சும்னே இரு மோலி, பேசாத. இப்ப சொன்னா கல்யாணம் நின்னுடும். நீ கொஞ்சம் பொறுத்துக்கிட்டா என்ன?”

நிச்சயதார்த்தத்தில் இரைச்சல் தாங்காமல் ஷாரன் காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். மோலி அவளை வாரித் தூக்கினாள். மாப்பிள்ளையின் அம்மா அருகில் வந்து, நல்ல மனதோடுதான், “உங்க வழியில வந்ததாமே? பாவம், நீங்க என்ன செய்வீங்க,” என்றார்.

மோலி டேவிஸைப் பார்த்தாள். அவன் காதிலும் விழுந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“இல்லைங்க. டெஸ்ட்ல அப்படி ஒண்ணும் வரல. எதனாலன்னு டாக்டருக்கே தெரியாது. இவரையே கேளுங்க,” என்றாள் மோலி.

அந்த வாரமே சம்பந்தம் முறிந்தது. பொன்னம்மாவின் மகள் போனில் அழுதாள். “நீங்க சொன்னது நிஜம்தான் அத்தை. நான் என்ன பண்ணேன்?”

அவள் அழுது முடிக்கும்வரை மோலி போனை வைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் டேவிஸ் அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். மோலி ஷாரனோடு கடைசி வரிசையில் அமர்ந்தாள். சொன்னதற்காக அவள் வருந்தவில்லை. அந்தப் பெண்ணின் அழுகைதான் காதை விட்டுப் போக மறுத்தது.