பிரிக்பீல்ட்ஸில் கையெழுத்தாகாத ஈராக் ஒப்பந்தம்

1

உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதிக்கவில்லை. எங்கள் சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டில் எழுத வேண்டியதை அங்கே எழுதத் துணிவில்லாமல், கதை என்று பெயர் மாற்றி இங்கே எழுதுகிறேன். நான், யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து வேலைக்கு வந்தவர்கள் நடத்தும் பிரிக்பீல்ட்ஸ் அறிவு விருத்திச் சங்கத்தின் காரியதரிசி, கார்த்திகேசு. பகலில் ஓர் ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். எனக்கும் பென்ஷன் வேண்டும்.

கதையை அழகாகத் தொடங்க வேண்டுமாம். தொடங்கிப் பார்க்கிறேன்.

1930ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், மழை சோவென்று

(இல்லை. அன்று மழை இல்லை. மழை வேண்டுகிற வாசகர் தாமே குடை கொண்டுவரவும்.)

பாலைவனத்து மணலிலே ஒட்டகங்கள் வரிசையாக

(நான் ஒட்டகத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.)

சரி, சும்மாவே சொல்கிறேன். ஜூன் மாதம் பிரிட்டனும் ஈராக்கும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஈராக்குக்குச் சுதந்திரம். ஆனால் பிரிட்டனின் விமானப் படை இரண்டு தளங்களில் இருக்கும், பிறநாட்டு விஷயங்களில் பிரிட்டனோடு கலந்து பேச வேண்டும், இருபத்தைந்து வருஷத்துக்கு. பத்திரிகையில் இதைப் படித்ததும் எங்கள் பெரிய கிராணி சபாபதி ஐயாவுக்கு ஒரு யோசனை வந்தது. சங்கத்தில் இந்த மாதம் வழக்கமான விவாதம் வேண்டாம், அந்த மாநாட்டையே நடித்துக் காட்டுவோம், எங்கள் ஆபீசின் வெள்ளைக்காரத் துரையையும் அழைப்போம் என்றார்.

பிரிட்டிஷ் மந்திரி யார்? சபாபதி ஐயா. அதில் பேச்சே இல்லை. அராபிய மந்திரி யார்? இங்கேதான் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது. சங்கத்தில் முப்பத்திரண்டு பேர். அதில் முப்பத்தொரு பேர் அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்கள்.

கடைசியில், இருமத் தெரியாத முத்துக்குமாரு மாட்டிக்கொண்டான்.

2

முதல் வரைவில் முத்துக்குமாருவுக்கு ஒளிவீசும் கண்கள் கொடுத்திருந்தேன். அடித்துவிட்டேன். அவனுக்குச் சாதாரணக் கண்கள்தான், அதிலும் ஒன்றில் அடிக்கடி கட்டி வரும். நாலு வருஷமாகத் தற்காலிகக் கிராணி. இரண்டு வருஷத்துக்கு முன் லீவில் யாழ்ப்பாணம் போய்க் கலியாணம் செய்துவிட்டுத் தனியே திரும்பினான். வேலை நிரந்தரமானால்தான் குவார்ட்டர்ஸ். குவார்ட்டர்ஸ் கிடைத்தால்தான் புனிதவதியையும் மகனையும் கூப்பிடலாம். மகனுக்கு இப்போது ஒன்றேகால் வயது. தகப்பன் இன்னும் முகம் பார்க்கவில்லை.

நிரந்தரமாக்கும் காகிதம் சபாபதி ஐயாவின் மேசையில் பெண்டிங் தட்டில்* கிடக்கிறது. ஒரு கையெழுத்துத்தான் பாக்கி.

(*வெளியாட்களுக்காக: கிராணிக்கு ‘முடியாது’ என்று சொல்ல அதிகாரம் கிடையாது. ‘கவனிக்கப்படுகிறது’ என்று சொல்லலாம். அப்படிச் சொல்லியே ஒரு காகிதத்தைச் சாகும்வரை வைத்திருக்கலாம். இந்த வித்தையை எங்களுக்குக் கற்றுத்தந்தவர் சபாபதி ஐயாதான்.)

3

(இந்தப் பகுதியில் சபாபதி ஐயாவைக் கொடியவராக எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். எனக்கு மலேரியா வந்தபோது தோளில் தாங்கிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் அவர். கதையில் வில்லன் இல்லாமல் போனதற்கு வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.)

4

மாநாடு இங்கிலீசில் நடந்தது. நான் தமிழில் எழுதுவது துரைக்கு விளங்கக்கூடாது என்பதற்காக. பள்ளிக்கூட மேசை ஒன்று, அதன்மேல் பச்சைத் துணி. சபாபதி ஐயா கோட்டும் டையுமாக வந்திருந்தார். முத்துக்குமாரு குளிக்கிற துவாயைத் தலையில் போட்டு, பார்சல் கட்டும் கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தான். (பிறகு பத்திரிகைப் படத்தில் பார்த்தோம். ஈராக் மந்திரிமார் அருமையான கோட்டுப் போட்டிருந்தார்கள். துவாய் முழுக்க முழுக்க எங்கள் கண்டுபிடிப்பு.)

இரண்டு பக்கத்துப் பேச்சையும் சபாபதி ஐயாவே எழுதியிருந்தார். முத்துக்குமாருவுக்கு வந்தவை மூன்று வசனங்கள்: நன்றி, மெத்த நன்றி, சம்மதம்.

முதல் இரண்டையும் பிழையில்லாமல் சொன்னான். ஒப்பந்தத்தை அவன் முன் வைத்துப் பேனாவையும் கொடுத்தார்கள். அவன் காகிதத்தைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தான். பிறகு முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினான். பத்து நிமிஷம் வாசித்தான். முன்வரிசையில் துரை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“மேன்மை தங்கிய மந்திரியாரே,” என்றார் சபாபதி ஐயா, பல்லைக் கடித்துக்கொண்டு. “கையெழுத்து.”

“கவனிக்கப்படுகிறது,” என்றான் முத்துக்குமாரு.

துரைதான் முதலில் சிரித்தார். “ரொம்பச் சரி. எந்த மந்திரியும் ஒரே நாளில் கையெழுத்துப் போடமாட்டான். பதிலைக் கேட்க அடுத்த மாதம் வருகிறேன்,” என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

(இந்த இடத்தில் எழுத்தாளன் பாத்திரத்தின் மனத்துக்குள் புகுந்து பார்க்க வேண்டும். நான் நேரே அவனிடமே கேட்டேன். “வாசிக்காமல் விட்டிருக்க வேணும் அண்ணை. வாசிச்சாப் பிறகு வைக்க மனம் வரேல்லை,” என்றான். இதைவிட ஆழமாக என்னால் புக முடியவில்லை.)

5

அக்டோபரில் சபாபதி ஐயா இருபத்தைந்து வருஷத்தை இருபதாகக் குறைத்தார். நவம்பரில் ஒரு விமானத் தளத்தையே விட்டுக்கொடுத்தார். லண்டனில் இது தெரிந்திருந்தால் அவரை உடனே திருப்பி அழைத்திருப்பார்கள். முத்துக்குமாரு ஒவ்வொரு தடவையும் காகிதத்தை வாங்கி, வாசித்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான். துரை ரசித்தார். பக்கத்து ஊரான கிள்ளானிலிருந்து ரயிலேறி ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

தேநீர்க்கடை நாகையா இடைவேளையில் முத்துக்குமாருவின் காதோடு சொன்னான்: “அண்ணே, போட்டுறாதீங்க. கிள்ளான் பாசார்ல கூட இதான் பேச்சு லா. இன்னும் ரெண்டு மாசம் இழுத்தா மிச்சத் தளத்தையும் வாங்கிடலாம்.”

(நான் பொருத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறீர்களா? சிரித்தோம்தான். வாரம் முழுக்கத் தலைகுனிந்து நிற்கிற முப்பத்தொரு பேருக்கு மாதத்தில் இரண்டு மணி நேரம் கிடைத்தது. விடுவோமா?)

6

துரை ஜனவரியில் சீமைக்குப் போகிறார் என்று செய்தி வந்தது. டிசம்பர்க் கூட்டம்தான் அவருக்குக் கடைசி. நவம்பர் கடைசியில் சபாபதி ஐயா முத்துக்குமாருவை ஆபீசுக்குப் பின்பக்கம் கூப்பிட்டார். சாட்சிக்கு நான்.

“ஐசே, பகிடி விளையாட்டுக் காணும், நிப்பாட்டும். துரை போக முந்தி இது முடிய வேணும். டிசம்பர்ச் சனிக்கிழமைக் கூட்டத்தில நீர் என்ரை ஒப்பந்தத்தில கையெழுத்து வையும். திங்கட்கிழமை நான் உம்மடை காகிதத்தில வைக்கிறன்.”

“வைக்காட்டில், ஐயா?”

“ஆறு வருஷம் நானும் தற்காலிகமாத்தான் காணும் கிடந்தனான். என்னை ஆரும் மேன்மை தங்கிய எண்டு கூப்பிடேல்லை.” அவர் ஆபீஸ் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். “வைக்காட்டில், உம்மைத் தூரத்தில ஒரு ஸ்டேஷனுக்கு அனுப்பிறதைத் தவிர எனக்கு வேற வழியில்லை. சனமெல்லாம் என்னைப் பாத்துச் சிரிக்குது.”

திரும்பி நடக்கும்போது முத்துக்குமாரு சொன்னான்: “அங்க உண்மையான ஆக்கள் எப்பவோ வைச்சிட்டினம் அண்ணை. இஞ்ச நான் ஒருத்தன் வைக்காமல் விட்டா ஆருக்கு நட்டம்? நாலு வருஷத்தில அந்தாள் என்னட்டை ஒண்டைக் கேட்டு நிண்டது இப்பத்தான். ஒரு நாட்டைக் குடுத்துப்போட்டு வீடு வாங்கினன் எண்டு இருக்கக்கூடாது.”

விளையாட்டு நாடுதானே என்று சொல்ல வாயெடுத்தேன்.

7

மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவது: கையெழுத்திடுகிறான். கைதட்டல். பங்குனியில் போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் கப்பல் நிற்கிறது, புனிதவதி இறங்குகிறாள், பிள்ளை அவன் மீசையைக் கண்டு வீரிட்டு அழுகிறது. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. ஆனால் அடுத்த சனிக்கிழமை நாகையா அவனுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போகிறான். அதையும் எழுத வேண்டியதாகிவிட்டது.

இரண்டாவது: கையெழுத்திடவில்லை. காட்டு ஸ்டேஷனுக்கு மாற்றம். நாங்கள் எல்லோரும் அவனைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொள்கிறோம், அவரவர் மனைவி சமைத்ததை உண்டபடி.

மூன்றாவது: சபாபதி ஐயா மனம் மாறி, தானாகவே அந்தக் காகிதத்தில்

(சரி, சரி. நீங்களும் சிரிக்காதீர்கள்.)

8

இன்று வெள்ளிக்கிழமை. ஆபீஸ் விட்டதும் முத்துக்குமாரு நேரே என் வீட்டுக்கு வந்தான்.

“நீங்கள் கதை எழுதுறனீங்கள்தானே அண்ணை. முடிவை எழுதித் தாங்கோ. நாளைக்கு நான் அப்பிடியே செய்யுறன்.”

பகிடி விடுகிறானோ என்று பார்த்தேன். இல்லை. ஐயாவின் பேரத்தைப் பற்றி அவன் எழுதியதற்குப் புனிதவதி போட்ட பதில் கடிதத்தை என் மேசையில் வைத்தான். இதை அச்சில் போடலாமா என்று கேட்டேன், போடுங்கள் என்றான்.

‘நீங்கள் எழுதினதை இரண்டு தரம் வாசித்தேன். அராபியரில் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அவர்களுக்கும் நல்லது நடக்கட்டும். தம்பி நடக்கத் தொடங்கிவிட்டான். பக்கத்து வீட்டுச் சின்னையா அண்ணரைக் கண்டால் அப்பா என்று ஓடுகிறான். திருத்திப் பார்த்தேன், கேட்கிறானில்லை. உங்களுக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கோ. ஆனால் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று வளர்ந்த பிறகு அவன் கேட்டால், என்னைச் சொல்ல வைக்காதேங்கோ. நீங்களே சொல்லுங்கோ.’

மாநாடு நாளை மாலை ஐந்து மணிக்கு. முத்துக்குமாரு என் எதிரே உட்கார்ந்திருக்கிறான். நான் இவ்வளவு நேரம் எழுதுவதைப் பார்த்து, முடிவு வந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருக்கிறான். என்னால் முடியாது, வாசகரே. நான் நிரந்தரக் கிராணி. உள்ளே என் பெண்சாதி என் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். இதில் வாய் திறக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் சொல்லுங்கள். தாளை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன். அவன் நிமிர்ந்துவிட்டான். உங்களைத்தான் பார்க்கிறான்.