முப்பத்தேழு வயதில் ஜோ லூயிஸ்

"இன்னிக்கு உங்க மாமா வாயைத் திறக்காம பார்த்துக்கம்மா" என்று என் மாமியார் சரஸ்வதி சொன்னபோது கேசரி இன்னும் அடுப்பில்தான் இருந்தது.

"மாமா வாயை நான் எப்படி அத்தை மூடுறது?"

"குத்துச்சண்டைப் பேச்சு ஆரம்பிச்சா உள்ளேயிருந்து எதையாவது கீழே போடு. நல்லா சத்தம் வர்ற மாதிரி."

பஃபலோ ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் அப்போது இருந்தோம். ஐம்பத்தைந்தாம் வருஷம், சித்திரை மாதம். என் நாத்தனார் சந்திரமதியைப் பெண் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். இதற்கு முன் வந்த வரன்களில் ஒன்று ஜாதகத்தால் போனது, ஒன்று நகையால் போனது, கடைசியாக வந்தது ஜாக் டெம்ப்சி என்ற பழைய குத்துச்சண்டைக்காரனால் போனது. மாப்பிள்ளையின் தாய்மாமன், டெம்ப்சி நல்ல வயதில் இருந்திருந்தால் ஜோ லூயிஸைப் படுக்க வைத்திருப்பான் என்று சொல்லிவிட்டார். அதற்கு என் மாமனார் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவர்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பெண்ணைப் பார்க்காமலே இறங்கிப் போனார்கள்.

மாமனார் தங்கராஜு துறைமுகத்தில் ஸ்டோர் கிளார்க். ஜோ லூயிஸை அவர் நேரில் பார்த்ததில்லை. படக்கொட்டகையில் படத்துக்கு முன்னால் ஓட்டும் செய்திப்படத்தில் கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறார், மற்றதெல்லாம் பேப்பர். அது போதுமானதாக இருந்தது. கூடத்தில் முருகன் படத்துக்கு வலப்பக்கம் லூயிஸ் படம் கண்ணாடி போட்டுத் தொங்கியது. வெள்ளிக்கிழமை பூ முருகனுக்கு மட்டும்தான் என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

சந்திரமதி தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. வயது இருபத்தெட்டு. தரகர் வடிவேலு அதை இருபத்துநாலு ஆக்கியிருந்தார். மாப்பிள்ளை பக்கிரிசாமி டெலிபோன் மெக்கானிக். பள்ளியில் டெலிபோன் பழுதானபோது அவர்தான் வந்து சரிசெய்தார்.

"தலைமையாசிரியர் பக்கத்துல நின்னு கத்திக்கிட்டே இருந்தாங்க அண்ணி. அவர் பாட்டுக்கு வேலையை முடிச்சார். ஏறி நின்ன நாற்காலியைத் துடைச்சு, எடுத்த இடத்துலயே வச்சுட்டுப் போனார்" என்று சந்திரமதி என்னிடம் சொன்னாள். அடுத்த மாதமே அவர் பக்கத்திலிருந்து தரகர் வந்துவிட்டார். நாற்காலியைத் துடைத்தவர் நாற்காலியை மட்டும் பார்க்கவில்லை என்று தெரிந்தது.

"இதுவும் போச்சுன்னா இனிமே யார் முன்னாலயும் நான் வந்து நிக்கமாட்டேன். அப்பாகிட்ட சொல்லிடுங்க" என்றாள்.

சொன்னேன். "நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்டார்.

தீவின் வடகோடியில் இருக்கும் செம்பவாங்கிலிருந்து டாக்சியில் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா சுப்பிரமணியம், அம்மா லட்சுமி, கூடவே தரகர். நாங்கள் மூன்று பெண்கள் திரைக்குப் பின்னால் அடுக்களையில் நின்றோம். வெயிலைப் பற்றிப் பேசினார்கள். பஸ்காரர்கள் வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பேசினார்கள். மாமியார் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சுவத்துல யாரு, ஜோ லூயிஸா?" என்று சுப்பிரமணியத்தின் குரல் கேட்டது.

"நீங்களும் பார்ப்பீங்களா?" என்றார் மாமனார். அந்தக் குரலில் அப்படியொரு பாசம்.

நான் பித்தளை மூடியைக் கீழே போட்டேன். அது உருண்டு, சுற்றி, வெகுநேரம் கழித்து ஓய்ந்தது. கூடத்தில் ஒருவரும் திரும்பவில்லை.

"நல்ல ஆளுதான். ஆனா மார்சியானோ அவனை அடிச்சுக் கயித்துக்கு வெளியே தள்ளிட்டானே."

"எப்ப தள்ளினான்? அம்பத்தொண்ணுல. அப்ப லூயிஸுக்கு என்ன வயசு?"

"முப்பத்தேழு."

"அதைச் சொல்லுங்க! முப்பத்தேழு வயசுல ஒரு ஆம்பளைக்கு என்னங்க இருக்கும்? கையைத் தூக்குறதுக்குள்ள எதிராளி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வந்துடுவான். கால் நகராது. முன்பக்கம் முடி பூரா போயாச்சு. அது லூயிஸ் இல்லீங்க, லூயிஸோட மிச்சம்!"

திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன். மாப்பிள்ளையின் கை மெதுவாக அவருடைய நெற்றிக்கு மேலே போய், அங்கே எதுவும் இல்லாததால் இறங்கி வந்தது.

"அவருக்கு முப்பத்திரண்டுன்னுதானே தரகர் சொன்னாரு?" என்று கிசுகிசுத்தேன்.

"எனக்கு இருபத்துநாலுன்னும் அவர்தான் சொன்னாரு" என்றாள் சந்திரமதி.

கூடத்தில் சுப்பிரமணியத்தின் குரல் ஏறிவிட்டது. "முப்பத்தேழெல்லாம் ஒரு வயசா? அதுக்கு முன்னால வரிசையா எட்டுப் பேரை ஜெயிச்சுட்டுத்தானே லூயிஸ் வந்தான்? அனுபவம் பழுத்த வயசுங்க அது!"

"அந்த எட்டுப் பேரும் ஒரு ஆளா? மார்சியானோவுக்கு அப்ப இருபத்தெட்டு! இருபத்தெட்டுன்னா என்னன்னு தெரியுமா? ரத்தம் துள்ளுற வயசு! வயசுன்னா இதுதான்னு சொல்ற வயசு! அதுக்கு முன்னாலயும் கிடையாது, பின்னாலயும் கிடையாது!"

மாமியார் கண்ணைத் திறந்தார். "கல்யாணப் பேச்சுல இவர் உருப்படியா ஒண்ணு சொல்றது இன்னிக்குத்தான்."

"இருபத்தெட்டா? முத்தல்!" என்றார் சுப்பிரமணியம். "குத்துச்சண்டைக்கு வர்றவன் பதினெட்டுல வரணும். மார்சியானோ காலம் போன பிறகு வந்தவன். அதுவரைக்கும் ஒருத்தன் சீண்டலை. அப்படிப்பட்ட ஆள்கிட்ட விழுந்தவன் எந்த வயசுல நின்னாலும் விழுவான்!"

கேசரிக் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்த சந்திரமதியின் கை நின்றது. நான் தாம்பாளத்தையே கீழே போட்டேன். பயனில்லை.

"தம்பி, நீங்க சொல்லுங்க" என்று மாமனார் மாப்பிள்ளையைப் பிடித்தார். "லூயிஸுக்கும் இருபத்தஞ்சு, மார்சியானோவுக்கும் இருபத்தஞ்சு. மோதினா யாரு?"

"எனக்குப் பூப்பந்துதாங்க பழக்கம்."

இரண்டு கிழவர்களும் அவரைப் பார்த்தார்கள். அந்த ஒரு கணம் இருவரும் ஒரே கட்சியாக இருந்தார்கள். பிறகு மாமனார் சுதாரித்துக்கொண்டு, தன் கடைசிக் குத்தை விட்டார்.

"முப்பத்தேழு வயசுக்காரனை மேடையில ஏத்துறதே பாவம்லா! வீட்டுல உக்கார வச்சுக் கஞ்சி ஊத்தணும்!"

"என் மகன் என்ன கஞ்சி குடிச்சுக்கிட்டா இருக்கான்?" என்று லட்சுமியம்மாள் எழுந்துவிட்டார். "போன வாரம்கூட டெலிபோன் கம்பம் ஏறி இறங்கினான்!"

கீழே மாட்டுவண்டி ஒன்று போகும் சத்தம் கேட்டது.

"தம்பிக்கு முப்பத்தேழா?" என்றார் மாமனார்.

மாமியாருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. திரையைத் தள்ளிக்கொண்டு போய் நின்றார். "இருபத்தெட்டு முத்தல்னா எங்க பொண்ணை ஏங்க பார்க்க வந்தீங்க?"

"பொண்ணுக்கு இருபத்தெட்டா?" என்றார் சுப்பிரமணியம்.

எல்லோரும் தரகர் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார்கள். குடை இருந்தது. தரகர் இல்லை.

"லட்சுமி, கிளம்பு" என்று சுப்பிரமணியம் துண்டை உதறித் தோளில் போட்டார். "பொய் சொல்ற இடத்துல நமக்கு வேலையில்ல." அவர் சொன்ன பொய்யின் வயது ஐந்து, எங்களுடையதற்கு நாலுதான். ஆனால் அதை எடுத்துச் சொல்ல அது நேரமில்லை.

சந்திரமதி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். பார்க்க வந்தவர்கள் முன்னால் கூப்பிடாமலே போய் நின்ற பெண்ணை அன்றுதான் பார்த்தேன். நேரே மாப்பிள்ளையிடம் பேசினாள்.

"உங்களுக்கு முப்பத்திரண்டுன்னு நான் நம்பவே இல்ல. நாப்பது இருக்கும்னு நினைச்சேன்."

அவர் எழுந்து நின்றார். "நானும் இருபத்துநாலுன்னு நம்பலைங்க" என்றார். பிறகு சிரித்தார். அவளும் சிரித்துவிட்டாள். லட்சுமியம்மாள் மகனைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

"நீங்களும் உக்காருங்க" என்று கணவரின் துண்டைப் பிடித்து இழுத்தார். "இருபத்தெட்டு முத்தல் இல்லைன்னு சொல்லுங்க."

"சொன்னா என்ன? இருபத்தெட்டு நல்ல வயசுதான்" என்றார் சுப்பிரமணியம். அவருக்கு அது சுலபம். அவர் ஜெயித்தவன் கட்சி.

"அப்பா, நீங்க?" என்றாள் சந்திரமதி.

"நான் என்ன?"

"முப்பத்தேழு கிழமில்லைன்னு சொல்லுங்க."

"மாப்பிள்ளைக்கு முப்பத்தேழு வேறம்மா, குத்துச்சண்டைக்கு முப்பத்தேழு…"

"அப்படிப் பிரிச்சுப் பேசினா நான் ஒத்துக்கமாட்டேன்" என்றார் சுப்பிரமணியம் உடனே. "முப்பத்தேழுன்னா முப்பத்தேழுதான். எல்லாருக்கும்."

மாமனாரை அவ்வளவு கஷ்டத்தில் நான் பார்த்ததில்லை. சொன்னால் மகளுக்குக் கல்யாணம். ஆனால் சொல்லிவிட்டால் மார்சியானோ நியாயமாக ஜெயித்தவன் ஆகிவிடுவான். நாலு வருஷமாக அந்தத் தோல்விக்கு அவர் வைத்திருந்தது அந்த ஒரே சமாதானம்தான். லூயிஸ் படத்தை நிமிர்ந்து பார்த்தார். மகளைப் பார்த்தார். அவள் கண் எடுக்கவில்லை. இந்த முறை முருகனைக்கூடப் பார்த்தார்.

"முப்பத்தேழு…" தொண்டையைச் செருமினார். "கிழமில்ல."

"கேட்டியா லட்சுமி!" சுப்பிரமணியம் தொடையைத் தட்டினார். "அப்ப மார்சியானோ நியாயமாத்தான் ஜெயிச்சான்!"

"அதெப்படி?" என்றார் மாமனார். "லூயிஸுக்கு அன்னிக்குக் காய்ச்சல்."

"காய்ச்சலா? எந்தப் பேப்பர்ல போட்டான்?"

"காய்ச்சல்தாங்க" என்றார் லட்சுமியம்மாள். "நல்ல காய்ச்சல், அனல் பறந்துச்சு. நான் சொல்றேன். நீங்க வைகாசியில எப்ப முகூர்த்தம்னு பாருங்க."