நீல மூடி டப்பா

சுமையை ஏற்றுவது கொடுமை என்று உலகம் சொல்லும். சுமக்கவே விடாமல் ஒருவனை உபசரிப்பது அதைவிடப் பெரிய கொடுமை என்பதை, தென் யூட்டாவின் பாறை இடுக்கில் நடந்த முதல் நாளிலேயே ஆர்டன் உணர்ந்துகொண்டான்.

கேனாப் ஊரில் மருந்துக் கடை நடத்தும் அவன், லோரீனை மணந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அவளுடைய மகள் ஷெல்பிக்குப் பதினாறு வயது. அந்தப் பெண்ணின் தந்தை லைல் இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு வசந்தத்திலும் முதுகுப்பை சுமந்து அந்த இடுக்கை மூன்று நாளில் நடந்தே கடப்பது லைல் தொடங்கிவைத்த குடும்ப வழக்கம். இவ்வாண்டு லோரீன், ஷெல்பி, லோரீனின் தம்பி ரூலன் ஆகியோரோடு ஆர்டனும் சேர்ந்துகொண்டான். அவன் விரும்பியது ஒன்றே ஒன்று: ஷெல்பி தன்னை விருந்தாளியாக நடத்துவதை நிறுத்த வேண்டும்.

கைகளை விரித்தால் இரு பக்கச் சுவர்களும் விரல் நுனியில் படும். வானம் தலைக்கு மேலே ஒரு நாடாவாகச் சுருங்கிக் கிடந்தது. இடுப்பளவுச் சேற்று நீரில் இறங்கியபோது சமையல் பாத்திரத்துக்காகக் கை நீட்டினான். "பரவால்ல ஆர்டன், நீங்க சும்மா வாங்க" என்று ஷெல்பி சிரித்த முகத்தோடு தானே எடுத்துக்கொண்டாள். கயிற்றைக் கேட்டான், அது ரூலனின் தோளுக்குப் போயிற்று. மரியாதையைப்போல் சத்தமில்லாமல் சாத்தப்படும் கதவு வேறில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்த டப்பா இருந்தது. அந்த இடுக்கில் மனிதன் கழித்த மலத்தையும் மனிதனே வெளியே சுமந்து வர வேண்டும். மணலில் புதைக்கவும் கூடாது. அதற்கென்றே அனுமதிச் சீட்டோடு பைகள் கொடுத்தனுப்புவார்கள். பிற குடும்பங்களில் அவரவர் பை அவரவர் முதுகில். லைல் அதை ஏற்கவில்லை. எல்லாருடைய பைகளையும் பழைய பெயிண்ட் டப்பா ஒன்றில் போட்டு, நீல மூடியை அழுத்தி, நாளுக்கு ஒருவர் சுமக்க வேண்டும். சுமப்பவர் வரிசையில் கடைசியாக நடக்க வேண்டும். டப்பா மிகவும் கனக்கும் கடைசி நாள் குடும்பத் தலைவனுடையது என்று விதி செய்தான். அழுக்கைக் கீழே இருப்பவன் தலையில் கட்டிவிட்டுக் கைகழுவும் தலைவர்கள் மலிந்த உலகில், இப்படியும் ஒரு தலைவன் இருந்தான்! அவன் போனபின் அந்தக் கடைசி நாளை ஷெல்பி தன்னுடையதாக்கிக்கொண்டாள். தாய்க்கும் தரவில்லை, மாமனுக்கும் தரவில்லை. விருந்தாளிக்கோ முறையே கிடையாது.

முறை இல்லாதவன் பையை மட்டும் எப்படிப் போடுவது? இரண்டாம் நாள் விடியலில் பாறை மறைவிலிருந்து திரும்பிய ஆர்டன், தன் பையை டப்பாவில் போடவில்லை. மருந்துக்கடைக்காரனுக்கே உரிய நேர்த்தியோடு உறைக்குள் உறையாகச் சுற்றி, தகரப் பெட்டியில் அடைத்து, ஒட்டி, துண்டில் பொதிந்து, தன் முதுகுப்பையின் அடியில் வைத்துக்கொண்டான்.

அன்று நண்பகலில் பெரும் பாறைகள் வழியை அடைத்துக் கிடந்தன. முதுகுப்பைகளைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். ஆர்டனுடையது நழுவிக் குட்டையில் விழுந்தது. அவன் இறங்கி வருவதற்குள் ரூலன் அதைத் திறந்து, நனைந்தவற்றைப் பாறைமேல் பரப்பத் தொடங்கிவிட்டான்.

"அக்கா, இங்க பாரு. உன் வீட்டுக்காரர் நமக்குத் தெரியாம சாக்லேட் பதுக்கி வச்சிருக்காரு."

வேண்டாம் என்று ஆர்டன் மேலிருந்து சொன்னதை, ரகசியம் வெளிப்பட்டவனின் பதற்றமாகவே ரூலன் எடுத்துக்கொண்டான். எந்தப் பொக்கிஷமும் அவ்வளவு பத்திரமாகக் கட்டப்பட்டிருக்காது. எந்தப் பொக்கிஷத்தையும் திறந்தவன் அவ்வளவு வேகமாகத் தூர எறிந்திருக்கவும் மாட்டான். லோரீன் சிரித்த சிரிப்பில் கால் மடங்கிச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஷெல்பி மட்டும் சிரிக்கவில்லை. "இது ஏன் உங்க பைல இருக்கு?" என்று கேட்டாள்.

"என்னோடத நீங்க சுமக்கறது சரியில்லன்னு நெனச்சேம்மா."

"அம்மாவோடத சுமக்கறேன். மாமாவோடத சுமக்கறேன், அது என்ன கனம் கனக்கும்னு உங்களுக்குத் தெரியாது. உங்களோடது மட்டும் எங்களுக்கு ஆகாதா? விருந்தாளியா நடத்துறாங்கன்னு நேத்துலேர்ந்து மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க. உங்கள விருந்தாளியாக்குனது யாரு?"

பூட்டியிருக்கிறார்களே என்று ஆர்டன் நொந்துகொண்ட கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாளும் இருந்தது. அதைப் போட்டவன் அவனே. ரூலன் எறிந்த தகரப் பெட்டியை ஷெல்பி எடுத்துவந்து, அதிலிருந்த பையை டப்பாவில் போட்டு, மூடியை உள்ளங்கையால் அழுத்தி மூடினாள்.

மாலையில் ஆற்றோர மரங்களின் அடியில் கூடாரம் அடித்தார்கள். லோரீன் ஜெபம் சொல்லி முடித்ததும், சுடச்சுடக் கொக்கோ கைமாறியது.

"நாளைக்கு அப்பாவோட நாள்" என்றாள் ஷெல்பி. "கனமா இருக்கும்."

"தெரியும்மா."

"நீங்க தூக்குறீங்களா?"

"யோசிச்சுச் சொல்லுங்க" என்றான் ரூலன். "கல்யாணத்தக்கூட ரத்து பண்ணலாம். இந்த டப்பாவப் பாதி வழில எறக்க முடியாது."

ஆர்டன் யோசிக்கவில்லை. தூக்குகிறேன் என்றான். சொன்ன கையோடு டப்பாவின் மூடியை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டான்.

மறுநாள் அவன் வரிசையின் கடைசியில் நடந்தான். அடிக்கு அடி டப்பா முதுகில் மோதிக் குலுங்கியது. இன்னும் தள்ளி வரும்படி முன்னாலிருந்து ரூலன் அடிக்கடி குரல் கொடுத்தான். ஆர்டனோ அரியணைக்குப் போகிறவன்போல் நிமிர்ந்து வந்தான். இடுக்கு மிகவும் குறுகிய ஒரு வளைவில், முன்னால் போய்க்கொண்டிருந்த ஷெல்பி தயங்கி, மற்றவர்களைப் போகவிட்டு, அவனுக்கு ஒரு கை தூரத்தில் நடக்கலானாள்.

"நாறுது" என்றாள்.

"நல்லாவே நாறுது."

அதற்குப் பிறகும் அவள் முன்னால் போகவில்லை.

சுவர்கள் விலகி, வெயில் தரையைத் தொட்டது. தொலைவில் வண்டி தெரிந்ததும் ரூலனுக்கு இரக்கம் வந்துவிட்டது. திரும்பி வந்து, கொஞ்ச தூரம் தான் வாங்கிக்கொள்வதாகக் கை நீட்டினான்.

"பரவால்ல ரூலன்" என்றான் ஆர்டன். "நீங்க சும்மா வாங்க."