கடலில் போன பஸ்

ஆறே வரி புரோகிராமில் முடித்துவிடுவேன் என்று வால்தெமாரிடம் பீற்றிக்கொண்டது நான்தான்.

கார்னிவல் திருவிழா சமயத்தில் எங்கள் ஊர் மொந்தெவிதேயோவின் பாட்டுக் குழுக்கள் ஒரே மாலையில் நான்கு பேட்டை மேடைகளில் பாடும். முகச்சாயம் கலையாமல் பஸ்ஸில் ஏறி அடுத்த மேடைக்கு ஓடும். எப்போது வந்து சேரும் என்று ஒருவருக்கும் தெரியாது. போன வருடம் எங்கள் ஜனங்கள் காத்திருந்து அலுத்து எழுந்து போய்விட்டார்கள். குழு வந்து காலி நாற்காலிகளுக்குப் பாடியது. இந்த வருடமும் அப்படியானால் மேடைக்கு மூடுவிழாதான் என்று பேட்டைக் கமிட்டியில் சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டதிலிருந்து, மேடையை நடத்தும் வால்தெமார் சரியாகச் சாப்பிடவில்லை.

"பஸ் எங்க வருதுன்னு திரையில காட்டிட்டா யாருண்ணே எந்திரிப்பாங்க?" என்றேன்.

பஸ்ஸில் உள்ள கருவி தன் இடத்தை ஓர் இணையச் சேவைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் சேவையின் ஏபிஐ என்கிற வாசலில் முறையாகக் கேட்டால் நமக்கும் சொல்லும். கேட்பதற்கென்றே யாரோ ஒரு புண்ணியவான் லைப்ரரி, அதாவது அப்படியே எடுத்துப் பயன்படுத்தும் புரோகிராம் தொகுப்பு, எழுதி வைத்திருந்தார். கூடவே இருபது பக்க விளக்கக் குறிப்பு. குறிப்பைப் படித்துவிட்டு வேலையை ஆரம்பிக்கிற புரோகிராமரை நான் இதுவரை பார்த்ததில்லை. நானும் படிக்கவில்லை.

சனிக்கிழமை மாலை ஏழரை. கோடை வெயில் இன்னும் இறங்கவில்லை. நாற்காலிகள் நிறைந்திருந்தன. திரையைப் போட்டேன். வரைபடம் வந்தது, பஸ்ஸும் வந்தது. ஆனால் தெருவில் இல்லை. தெற்கே, வெகு தெற்கே, பனிக்கடலின் நடுவில் நின்றது.

பின்வரிசையில் ஒரு குடும்பம் மாத்தே டீ தெர்மோஸை மூடிக்கொண்டு எழுந்தது.

"நிபியா, பஸ்ஸ எங்கம்மா கொண்டுபோய் விட்ட?" வால்தெமாரின் முகம் வெளுத்திருந்தது.

"அஞ்சு நிமிஷம் குடுங்கண்ணே. எப்படியாவது சமாளிங்க."

மனிதர் மைக்கைப் பிடித்தார். "மக்களே, டிரைவர் ஒரு தெரு தள்ளித் திரும்பிட்டாராம்! பெங்குவினுக்கு ரெண்டு பாட்டு பாடிட்டு வந்துர்றாங்களாம்!"

சிரிப்பு கிளம்பியது. "நீச்சல் தெரியுமான்னு கேளுங்க!" என்று எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னாலிருந்து பலகாரக் கடை நெல்பா கத்தினாள்.

"டிரம் அடிக்கிறவனுக்குத் தெரியாது. அவன் என் மருமகன்!" என்றது இன்னொரு குரல்.

எழுந்த குடும்பம் மறுபடி உட்கார்ந்தது.

நான் முதல்முறையாகக் குறிப்பைத் திறந்தேன். இரண்டாம் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: லைப்ரரி முதலில் தீர்க்கரேகையைத் தரும், பிறகுதான் அட்சரேகையை. நான் அதைத் தலைகீழாக வாங்கி வரைபடத்தில் வைத்திருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. இரண்டையும் இடம் மாற்றினேன்.

பஸ் கடலிலிருந்து ஒரே தாவலில் எங்கள் மேடைக்கு மூன்று தெரு தள்ளி வந்து விழுந்தது.

கூட்டமே எழுந்துவிட்டது. "மூணு தெரு! ரெண்டு! ஒண்ணு!" முனையில் ஹாரன் கேட்டதும் விசில் பறந்தது. இறங்கிய பாட்டுக்காரர்கள் திகைத்துப் போனார்கள்.

"என்னய்யா, எங்களப் பாத்தா இவ்வளவு சந்தோஷமா?" என்றார் குழுத் தலைவர்.

"பின்னே? உயிரோட கரை சேந்துட்டீங்களே!" என்றாள் நெல்பா.

விஷயம் தெரிந்ததும் அவர்கள் காற்றில் நீச்சலடித்துக்கொண்டே மேடையேறி, என் பெயரை வைத்தே இரண்டு வரி கட்டிப் பாடினார்கள். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. வால்தெமார் சாஸேஜ் வைத்த சோரிபான் ரொட்டி இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றார்.

"நாளைக்கு வர்ற பஸ்ஸும் சரியா தெருவுல காட்டுமா?" என்றார், வாய் நிறைய.

"காட்டும்ண்ணே. எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன்."

"கெடுத்தியே! மொத அஞ்சு நிமிஷம் கடல்லயே விடும்மா."