சிம்பிள் பிரசென்ட்

ஸ்மார்ட் போர்டில் முதலில் வந்தது தமிழரசனின் முகம். கல்யாண பேனரில் இருப்பதைப்போல் பெரிதாக வந்து நின்று, "மை ஃபாதர் ஹேஸ் எ கார்" என்றது. ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் சிரித்தது. இல்லாத காருக்காக யாரும் சிரிக்கவில்லை. அவன் மூக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிந்ததற்காகச் சிரித்தார்கள். தமிழரசனும் தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

ஹப்சா வகுப்பின் பின்புறம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கராபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிற ஆங்கில டீச்சர். கல்வராயன் மலை ஜன்னலில் தெரியும் அந்தப் பள்ளிக்கு அந்த ஜூன் மாதம்தான் போர்டு வந்திருந்தது. மற்ற டீச்சர்கள் அதில் பாட வீடியோவை ஓடவிட்டுப் பேப்பர் திருத்தினார்கள். ஹப்சாவுக்கு வேறு யோசனை இருந்தது. பிள்ளைகள் பரீட்சையில் ஆங்கிலம் எழுதிவிடுகிறார்கள், வாய் திறந்து ஒரு வாக்கியம் பேசுவதில்லை. அவளே காலேஜுக்குப் போன பிறகுதான் முதல் வாக்கியம் பேசினாள். அன்றைக்கு உள்ளங்கையில் வந்த வியர்வை இன்னும் ஞாபகம் இருந்தது. அதனால் புதிதாக ஒரு பயிற்சி தொடங்கினாள். ஒவ்வொருவரும் தனியாக நூலக அறைக்குள் போய், டேப்லெட் முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேச வேண்டும். கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். பிறகு அதை எல்லோரும் போர்டில் பார்க்கலாம். முதல் பாடம் குடும்பம். இலக்கணம் சிம்பிள் பிரசென்ட், அதாவது தினமும் நடக்கிற காரியங்களைச் சொல்லும் காலம்.

பிள்ளைகள் பேசினார்கள். பேச ஆரம்பித்ததும் பொய்யும் சொன்னார்கள். ஒருத்தனுக்கு மாடிவீடு இருந்தது. ஒருத்திக்கு அண்ணன் பட்டாளத்தில் இருந்தான். இதையே தமிழில் சொல்லியிருந்தால் வகுப்பு கிழித்துத் தொங்கவிட்டிருக்கும். ஆங்கிலத்தில் சொன்னபோது எல்லோரும் வினைச்சொல்லில் 'எஸ்' சேர்த்தார்களா என்று மட்டும் பார்த்தார்கள். ஹப்சாவும் அப்படித்தான் திருத்தினாள். கார் இருந்தால் 'ஹேஸ்', அவ்வளவுதான்.

கலையரசியின் பேச்சை அவள் ஸ்டாஃப் ரூமில் இயர்போன் போட்டுக் கேட்டாள். கலையரசி வகுப்பில் பேர் கூப்பிட்டால் மட்டும் எழுந்து நிற்கிற பெண். டேப்லெட்டை நேராகப் பார்த்துப் பேசியிருந்தாள்.

"மை மதர்ஸ் நேம் இஸ் அமிர்தம். எவ்ரி மார்னிங் ஷீ கோம்ப்ஸ் மை ஹேர். ஷீ புல்ஸ் டைட். ஐ க்ரை. ஷீ லாஃப்ஸ். ஷீ புட்ஸ் கனகாம்பரம்."

இலக்கணத்தில் ஒரு பிழை இல்லை. ஆனால் தலை வாருகிறாள் என்று 'கோம்ப்ஸ்' வந்த இடத்தில் ஹப்சாவின் பேனா நின்றது. இறந்தகாலத்தில் அல்லவா வர வேண்டும் என்று தோன்றியது. கலையரசியின் அம்மா ஈரோடு பக்கம் ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போனவள். பொங்கலுக்கு வருகிறேன் என்று சொல்லிப் போய், அதற்கப்புறம் இரண்டு பொங்கல் போய்விட்டது. அங்கே வேறு ஒருவனோடு இருக்கிறாள் என்று ஊரில் பேச்சு. அப்பா ராஜாங்கம் குத்தகை நிலத்தில் மக்காச்சோளமும் மரவள்ளியும் போடுகிறவர். வீட்டில் இருந்த போட்டோக்களை அவரே கழற்றிவிட்டார். அந்தப் பேரை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. ஒருமுறை டீக்கடையில் ஒருத்தன் விளையாட்டாக எடுத்தபோது, டீயோடு கிளாஸைச் சுவரில் அடித்துவிட்டுப் போனார். அதே மனுஷர்தான் ஜூலையில் பள்ளிக்கு வந்து, பெண்ணை நிறுத்திக்கொள்கிறேன், டிசி கொடுங்கள் என்று நின்றார். ஹப்சாதான் பேசி அனுப்பிவைத்தாள். பேசி அனுப்பினாளே தவிர, அவர் முழுக்க ஒத்துக்கொண்டாரா என்பது அவளுக்கே தெரியாது.

அந்த வாரம் தலைமையாசிரியர் வீரமணி, பெற்றோர் கூட்டத்தில் இதையெல்லாம் போட்டுக் காட்டலாம் என்றார்.

"எல்லாப் பசங்களோடதும் ஓட்டணுமா சார்?"

"ஒண்ண வுட்டாலும் எம்புள்ளது எங்கன்னு கேப்பாங்கம்மா. எல்லாத்தையும் ஓட்டுங்க."

ஹப்சா மறுநாள் கலையரசியைத் தனியாகக் கூப்பிட்டாள். பெண் சுவரோரம் வந்து நின்றாள்.

"வெள்ளிக்கிழமை உங்கப்பா வருவாரு. உன்னோடத ஓட்டலாமா? வேணாம்னா வேற ஒண்ணு பேசி எடுத்துக்கலாம்."

"அவருக்கு இங்கிலீசு தெரியாதுங்க மிஸ்."

"பேரு தெரியுமே."

கலையரசி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹப்சா அவசரப்படுத்தவில்லை.

"பேரு இருக்கட்டும் மிஸ்" என்றாள். "வூட்லதான் சொல்ல முடியல."

அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது ஹப்சா அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். மெமரி கார்டு கெட்டுவிட்டது என்று சொல்லிவிடலாம். யாருக்கும் கஷ்டமில்லை. ஓட்டினால் அந்த மனுஷர் கூட்டத்தின் நடுவே எழுந்து என்ன செய்வார் என்று சொல்ல முடியாது. பெண் பத்தாம் வகுப்பைப் பார்க்காமலே போகலாம். ஆனால் பேசுங்கள், பேசுங்கள் என்று பிள்ளைகளை அந்த அறைக்குள் அனுப்பியது அவள்தான். ஒருத்தி பேசிவிட்டாள். இப்போது வேண்டாம் என்றால், அந்தப் பெண் இனி எந்த மொழியில் வாய் திறப்பாள்?

வெள்ளிக்கிழமை நல்ல கூட்டம். பெண்கள் முன்பெஞ்சுகளிலும் ஆண்கள் சுவரை ஒட்டியும் உட்கார்ந்தார்கள். பேசுவது கீழே ஆங்கில எழுத்தாகவும் வருகிற மாதிரி ஹப்சா அமைத்திருந்தாள். ஒவ்வொரு முகம் வந்தபோதும் ஒரு மூலையிலிருந்து சிரிப்பு எழுந்தது. தமிழரசனின் அப்பா, "இன்னா சொல்றான்?" என்று மகனைக் கேட்க, அவன், "உன்னப் பத்திதாம்பா" என்று மட்டும் சொன்னான். ராஜாங்கம் கடைசியில், கதவுக்குப் பக்கத்தில், தோளில் துண்டோடு நின்றார். உட்காரச் சொன்னதற்கு, "பரவால்லீங்க" என்றுவிட்டார்.

கலையரசி வந்தாள். அமிர்தம் என்ற பேர் அறை முழுக்கக் கேட்டது. முன்பெஞ்சில் இரண்டு பெண்கள் திரும்பி ராஜாங்கத்தைப் பார்த்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஹப்சாவின் விரல் ரிமோட்டின் மேல் இருந்தது. ராஜாங்கம் அசையவில்லை. துண்டின் முனையைப் பிடித்திருந்த கை மட்டும் இறுகியது. கனகாம்பரம் என்ற சொல் வந்தபோது தலையை லேசாகச் சாய்த்தார், காது சரியாகக் கேட்காதவரைப்போல. அடுத்த பையனின் முகம் வந்தது.

கூட்டம் முடிந்து எல்லோரும் டீக்காக வராண்டாவுக்குப் போனார்கள். ஹப்சா ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ராஜாங்கம் உள்ளே வந்தார்.

"எம்பொண்ணு இன்னா சொல்லிச்சுங்க டீச்சர்?"

அவள் ஒயரைக் கீழே வைத்தாள். மாற்றிச் சொல்ல நேரம் இருந்தது. அவள் மாற்றவில்லை.

"எங்கம்மா பேரு அமிர்தம்னு சொல்லிச்சு. காலைல எனக்கு தலை வாருவாங்க. இழுத்து வாருவாங்க, நான் அழுவேன். அவங்க சிரிப்பாங்க. கனகாம்பரம் வெச்சு வுடுவாங்க. அவ்ளோதாங்க."

அவர் யோசித்தார். "வாருவாங்கன்னா... முன்னாடி வாருனாங்கன்னு சொல்லுதா? இல்ல, இனிமே வாருவாங்கன்னா?"

ஹப்சா இதை எதிர்பார்க்கவில்லை. தமிழில் அந்த ஒரு சொல்லுக்குள் நடந்ததும் நடக்கப்போவதும் சேர்ந்தே இருப்பதை அவள் இத்தனை வருடத்தில் கவனித்ததில்லை.

"தினமும் வாருறாங்கன்னுதாங்க சொல்லுது."

"தினமுமா?"

"ஆமாங்க."

ராஜாங்கம் போர்டைப் பார்த்தார். "இன்னொருவாட்டி போடுவீங்களா?"

ஒயரைத் திரும்ப மாட்டிப் போட்டாள். இந்த முறை அவர் போர்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். மகளின் முகம் அவர் உயரத்துக்கு இருந்தது. முதல் வாக்கியம் முடிந்ததும், "நிறுத்துங்க" என்றார். போர்டில் கலையரசி வாயைப் பாதி திறந்தபடி நின்றாள்.

"இந்த எழுத்துல எதுங்க அது?"

எது என்று ஹப்சா கேட்கவில்லை. மெஷினுக்கு அந்தப் பேர் புரியாமல் வேறு என்னவோ எழுதியிருந்தது. முந்தின நாள் அவள்தான் ஒவ்வொரு எழுத்தாகத் திருத்தியிருந்தாள். "கடைசியில இருக்குது பாருங்க" என்று காட்டினாள்.

அவர் அந்த எழுத்துகளுக்குக் கீழே விரலை வைத்து மெல்ல நகர்த்தினார். விரல் போன வழியில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. திடுக்கிட்டுக் கையை எடுத்தார். துண்டை எடுத்துத் துடைத்தார். துடைக்கத் துடைக்கச் சிவப்பு அகலமானது.

"கெட்டுப்போச்சுங்களா?"

"இல்லீங்க. பேனா ஆன்ல இருந்திருக்குது. ஒரு தட்டு தட்டுனா அழிஞ்சிடும்."

அழியுங்கள் என்று அவர் சொல்லவில்லை. ஹப்சாவும் கையை நீட்டவில்லை. வராண்டாவில் டீ கிளாஸ்களை அலசும் சத்தம் கேட்டது. பையோடு வந்த கலையரசி கதவருகில் நின்று, போர்டில் நின்றுபோயிருந்த தன் முகத்தையும், அதற்குக் கீழே சிவப்பில் அடிக்கோடிட்டிருந்த பேரையும், துண்டைக் கையில் பிடித்தபடி நின்ற அப்பாவின் முதுகையும் பார்த்தாள்.