குஞ்சம் பிய்ந்த பொன்னாடை

என் புருசனுக்குப் பத்து விரல். இதைச் சொன்னால், "எல்லாருக்கும் பத்து விரல்தானே பிள்ளை" என்று சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேசை கதிரை செய்கிற தளபாடப் பட்டறைக்குள் கால் வைக்காதவர்கள். கொழும்பில் இவர் வேலை செய்த பட்டறையில் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கிற கைகளைப் பார்த்திருந்தால் தெரியும். ஒருவருக்குச் சுண்டுவிரல் இல்லை. இன்னொருவருக்குப் பெருவிரலில் பாதிதான் மிச்சம். அத்தனை வருசம் மிசினோடு மல்லுக்கட்டியும் இவர் பத்தோடு ஊர் வந்தவர். ஊருக்கு வந்த பிறகும் பத்து பத்தாகவே இருந்ததில் எனக்கும் பங்கு உண்டு. பெருமைக்காகச் சொல்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பை விட்டு ஓடிவந்தபோது, அகதிக் கப்பலில் மற்றவர்கள் நகை நட்டையும் காணி உறுதியையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார்கள். இவர் அணைத்துக்கொண்டிருந்தது ஒரு சாக்குப் பை. உள்ளே இவருடைய றூட்டர். நான் கலியாணச் சேலையைக்கூட விட்டுவிட்டு வந்தவள். எனக்கு வந்த கோபத்துக்கு, தூக்க முடிந்திருந்தால் அந்தச் சாக்கைக் கடலில் தள்ளியிருப்பேன்.

எங்கள் ஊரான கரம்பொனுக்கு வந்து சேர்ந்ததும் ஊர் அந்த மிசினைத்தான் முதலில் விசாரித்தது. நெட்டுக்குத்தாக நிற்கும் ஒரு மோட்டர். பிடிக்க இரண்டு பக்கமும் இரண்டு பிடி. அடியில் விரல் நீளத்துக்கு ஒரு கட்டர். பலகை ஓரத்தில் வைத்து நடத்தினால் ஓரம் அலை அலையாக வளைந்துவரும். நடுவில் இறக்கினால் வாய்க்கால் மாதிரித் தவாளிப்பு விழும். கட்டரை மாற்றினால் கோலம் மாறும். உளியால் ஒரு கிழமை எடுக்கிற வேலை மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் ஓடும்போது அந்தக் கட்டர் கண்ணுக்குத் தெரியாது. அது சுற்றுகிற வேகத்தில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லாதது போல இருக்கும்.

இவருக்குச் சூசைப்பிள்ளை என்று பெயர். வீட்டில் இருப்பதே தெரியாத மனிசன். ஆனால் மிசினுக்குப் பக்கத்தில் நின்றால் சுவாமியார் பூசைக்கு ஆயத்தம் செய்வது போலத்தான். சாரத்தைக் கழற்றிக் காற்சட்டை போடுவார். சட்டைக்கையை முழங்கைக்கு மேல் இறுக்கி மடிப்பார். கண்ணாடி போடுவார். பலகையை மேசையோடு இறுக்கிப் பூட்டி, இரண்டு தரம் ஆட்டிப் பார்ப்பார். கடைசியாகக் கழுத்தில் கயிற்றில் தொங்கும் சின்னத் துணிப்படத்தை, மாதாவின் உத்தரியத்தைக் கழற்றி ஆணியில் கொழுவுவார். அந்த உத்தரியத்தால் வீட்டில் ஒரு பெரிய சண்டையே நடந்தது.

சண்டைக்கு வந்தவள் அந்தோனியம்மா மச்சாள், இவருடைய அக்கா. "மாதாவின்ர உத்தரியத்தை ஆணியில தூக்கிப் போட்டிட்டு அப்பிடி என்னடா வேலை உனக்கு?" என்று வாசலில் நின்று கத்தினாள்.

"தொங்கிறது ஒண்டும் கூடாது அக்கா. கட்டர் பிடிச்சுதெண்டால் என்ர கழுத்தையும் சேர்த்து இழுக்கும்."

"மாதா பாக்கமாட்டாவோ?"

"பாப்பா. அவ பாத்துத்தானே எனக்கு மூளை தந்தவ."

மச்சாள் அதற்குப் பிறகு ஒரு மாதம் எங்கள் வளவுக்கு வரவில்லை. எனக்கும் அது கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

என்னுடைய வேலை பிளக். கட்டரை மாற்றும்போது பிளக்கைக் கழற்றி என் கையில் தருவார். நான் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். புதுக் கட்டரை இறுக்கி முடித்ததும், "சுவிச்சு நூத்தாச்சு. கறண்டைக் குடும்" என்பார். மிசினின் சுவிச்சு உண்மையாகவே நூர்ந்து, அணைந்து கிடக்கிறதா என்று நான் என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பிளக்கைக் கொழுவுவேன். மிசின் ஓடும் மட்டும் பிளக் பக்கத்திலேயே கையை வைத்துக்கொண்டிருப்பேன். உலை கொதித்து வழிந்தாலும் எழும்பமாட்டேன். ஒருநாள் அவசரத்தில் பிளக்கைக் கழற்றாமலே கட்டரில் கைவைக்கப் போனார். நான் போட்ட சத்தத்தில் அடுத்த வளவு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. "சூசையின்ர மிசினுக்குப் பெண்சாதி காவல்" என்று சந்தியில் பகிடி பண்ணினார்கள். பண்ணட்டும்.

எண்பத்தைந்தில் எங்கள் கோயிலுக்குப் புதுக் கூடு செய்ய வேண்டி வந்தது. மாதா சுருவத்தைப் பெருநாளன்று ஊர்வலமாகச் சுமந்துபோகிற கூடு. பழையதைக் கறையான் அரித்துவிட்டது. கோயில் காரியம் எல்லாவற்றுக்கும் பொறுப்பு வஸ்தியாம்பிள்ளை மூப்பர். நரைத்த மீசை, வெள்ளை வேட்டி, ஒரு சொல் சொன்னால் மறுசொல் கேட்காத மனிசர். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து இவரிடம் வேலையை ஒப்படைத்தபோது நான் குசினிக்குள் போய் அழுதுவிட்டேன். கொழும்பிலிருந்து வெறுங்கையோடு வந்தவர்கள் என்ற பெயர் அன்றோடு போய்விடும் என்று நினைத்தேன்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகக் கூடோ பீடமோ செய்தால் கடைசி வெட்டை மட்டும் விட்டுவைப்பார்கள். கொடியேற்றத்தன்று பூசை முடிந்ததும், சனம் பார்த்திருக்க, முற்றத்தில் வைத்துத் தச்சர் அதை வெட்டுவார். அவருடைய கை உளியில் இருக்கும்போதே மூப்பர் பின்னால் வந்து பொன்னாடை போர்த்துவார். கையை எடுத்த பிறகு போர்த்தினால் அது கூலி கொடுத்த மாதிரி ஆகிவிடுமாம். வேலையில் இருக்கிற கைக்குத்தான் மரியாதை. நல்ல வழக்கம்தான். அதை உண்டாக்கியவர்கள் உளியைத்தான் கண்டவர்கள், றூட்டரைக் காணாதவர்கள்.

"கடைசி வெட்டை உளியால வெட்டுங்கோவன்" என்றேன் இவரிடம்.

"முழுக் கூட்டையும் மிசினால செய்துபோட்டு, சனத்துக்கு முன்னால உளியைக் காட்டுறதோ? அது பொய் வேசம்."

இவருக்கும் ரோசம் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு இவர் மூப்பரிடம் போய், மிசின் ஓடும்போது ஒருவரும் கிட்ட வரக்கூடாது, சத்தம் நின்ற பிறகு போர்த்துங்கள் என்று கேட்டார். மூப்பர் மீசையைத் தடவிக்கொண்டு, "ஓமோம், பாப்பம்" என்றார். எங்கள் ஊரில் "பாப்பம்" என்றால் மாட்டேன் என்றுதான் அர்த்தம். இவருக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அதனால் கொடியேற்றத்தன்று விடிந்ததும் நானே ஒரு தேங்காய்நார்க் கயிற்றை எடுத்துப் போய், மேசையைச் சுற்றித் தடி நட்டுக் கட்டினேன்.

பூசை முடிந்து சனம் முற்றத்துக்கு வந்தது. ஜெனறேற்றர் ஒரு பக்கம் உறுமிக்கொண்டிருந்தது. மேசையில் கூட்டின் முகப்புப் பலகை. மாதாவின் தலைக்கு மேல் வரப்போகிற வளைவில் ஒரு சாண் தவாளிப்பு மட்டும் மிச்சம். இவர் உத்தரியத்தைக் கயிற்றுத் தடியில் அடித்த ஆணியில் கொழுவினார். கண்ணாடி போட்டார். பலகையை ஆட்டிப் பார்த்தார். நான் கயிற்றோரம் போட்டிருந்த வாங்கில் குந்தி, ஜெனறேற்றர் வயரில் கொழுவியிருந்த பிளக்கில் கையை வைத்தேன். சுவாமியார்கூடக் கயிற்றுக்கு வெளியில்தான் நின்றார். சுவாமியாரைக் கயிறு கட்டி மறித்தவள் என்று யாரோ முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

மிசின் ஓடியது. கட்டரை மரத்தில் வைத்துக்கொண்டு சுவிச்சைத் தட்டமாட்டார். முதலில் ஓடவிட்டு, வேகம் பிடித்த பிறகுதான் மெல்ல இறக்குவார். இறக்கினார். மரத்தூள் பூவாய்ப் பறந்தது. வளைவு எழும்பி வந்ததைக் கண்டதும் சனம் கை தட்டியது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்தச் சாக்கையா கடலில் தள்ள நினைத்தேன் என்று மாதாவிடம் மன்னிப்புக்கூடக் கேட்டேன்.

அப்போதுதான் மூப்பர் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

அவர் கெட்ட எண்ணத்தில் வரவில்லை. கண் கலங்கியிருந்தது. அந்த வளைவின் வடிவைக் கண்டு தாங்கமுடியாமல்தான் வந்தார். இரண்டு கையிலும் விரித்துப் பிடித்த பொன்னாடை. கரை முழுக்க நீளநீளமாகப் பொன்நிறக் குஞ்சம், மச்சாள் தன் கையால் கட்டியது. இவர் குனிந்து நிற்கிறார். மூப்பர் பின்னால் நிற்பது தெரியாது. கத்தினால் கேட்காது. ஓடிப்போய் மூப்பரைத் தள்ளினால் அவர் இவர் மேலேயே விழுவார். இதெல்லாம் பிறகு யோசித்தது. அந்த நேரம் என் கை யோசிக்கவில்லை, பிளக்கை இழுத்துவிட்டது.

பிளக் கழன்றதும் மிசின் உடனே நின்றுவிடாது. வேகம் அடங்கச் சற்று நேரம் எடுக்கும். அந்த நேரத்துக்குள் பொன்னாடை இவருடைய தோளில் விழுந்து, வலது கையோடு வழுகிக் கீழே போனது. சத்தம் இறங்கியதுமே ஏதோ பிழை என்று இவருக்குத் தெரிந்திருக்கிறது. வேறு யாரும் என்றால் திரும்பியிருப்பார்கள், இல்லாவிட்டால் ஒரு கையால் பொன்னாடையைத் தட்டியிருப்பார்கள். இவர் அசையவில்லை. இரண்டு கையும் இரண்டு பிடியில், மிசினை மேசையோடு அமத்திக்கொண்டு அப்படியே நின்றார். குஞ்சத்தைக் கட்டர் பிடித்தது. விருக்கென்று ஒரு இழுவை. துணி கிழிந்த சத்தம். பிறகு எல்லாம் நின்றது.

"ஆர் கறண்டை நிப்பாட்டினது?" என்று மூப்பர் உறுமினார். கோயில் முற்றத்தில் தன் மரியாதையைக் கெடுத்துவிட்டார்கள் என்ற கோபம் அவருக்கு.

"நான்தான்!" என்று எழும்பினேன். பிளக்கைத் தூக்கிக் காட்டினேன். "கறண்ட் ஓடியிருந்தால் நீங்கள் போத்தினது பொன்னாடையில்லை மூப்பர், பிரேதச் சீலை. கிட்ட வந்து பாருங்கோ!"

மூப்பர் குனிந்து பார்த்தார். கட்டரைச் சுற்றிக் குஞ்சம் கயிறு மாதிரி முறுகி இறுகிக் கிடந்தது. பொன்னாடையின் ஒரு மூலையே உள்ளே போய்விட்டது. இவருடைய மணிக்கட்டுக்கும் அதற்கும் இடையில் ஒரு விரல் புகுகிற இடம்தான். மூப்பர் மண்ணிலேயே குந்திவிட்டார். அவர் குந்தியதை ஊர் அதற்கு முன்பு கண்டதில்லை.

மச்சாள் ஓடிவந்து இவருடைய கைகளைத் தூக்கி, சின்னப்பிள்ளையின் கையைப் பார்ப்பது போல விரல் விரலாகத் தடவினாள். பிறகு ஆணியில் தொங்கிய உத்தரியத்தைப் பார்த்தாள். அதன் கயிறும் அந்தக் குஞ்சத்தின் தடிப்புத்தான். கயிற்றுக்கு வெளியே போனாள்.

இவர் மிசினின் சுவிச்சை நூர்த்தார். சிக்கிய நூலை வெட்டி எடுத்து, கட்டரைக் கழற்றித் துடைத்துத் திரும்ப இறுக்கினார். அரைச் சாண் தவாளிப்பு இன்னும் மிச்சம் இருந்தது.

"சுவிச்சு நூத்தாச்சு. கறண்டைக் குடும்" என்றார், வீட்டில் சொல்வது போலவே.

நான் கொழுவவில்லை. "மூப்பர், நீங்கள் கயித்துக்கு அங்கால போகவேணும்" என்றேன்.

மூப்பர் எழும்பினார், வேட்டியைத் தட்டினார், கிழிந்த பொன்னாடையை எடுத்துக்கொண்டு போய்க் கயிற்றுக்கு அங்கால் நின்றார். அங்கே நின்று அதைப் பார்த்தபடி, "இனி இதை என்னெண்டு போத்திறது? கை வேலையில இருக்கேக்க கிட்டப் போக ஏலாது. எடுத்த பிறகு போத்தினால் மரியாதையில்லை" என்றார். அவர் குரலில் அதிகாரமே இல்லை. உண்மையான கவலைதான் இருந்தது.

"வேலையில இருக்கிறது அவன்ர கை மட்டுமோ மூப்பர்?" என்று ஒரு குரல் கேட்டது. அந்தோனியம்மா மச்சாள். "அவளின்ர கை எங்க இருக்கெண்டு பாருங்கோ."

நான் சுவிச்சைப் பார்த்தேன். நூர்ந்திருந்தது. பிளக்கைக் கொழுவி, கையை அதிலேயே வைத்துக்கொண்டேன். இவர் சுவிச்சைத் தட்ட, மிசின் ஓடத் தொடங்கியது. என் வாங்கு கயிற்றின் ஓரத்தில்தான் கிடந்தது, மேசையிலிருந்து எட்டத்தில். மூப்பர் கயிற்றைத் தாண்டவில்லை. பின்னால் வந்து நின்றது நிழலில் தெரிந்தது. பிறகு என் தோளில் பாரமாக, சூடாக, பொன்னாடை விழுந்தது. எங்கள் கோயிலில் ஒரு பெண்ணின் தோளில் அது விழுந்தது அதுதான் முதல் தரம். கை தட்டினார்களாம். மிசின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. நான் திரும்பியும் பார்க்கவில்லை. இவர் வெட்டி முடித்து, கட்டர் சுற்றி நின்று, இரண்டு கையையும் தூக்கி எனக்குக் காட்டும்வரை என் கண் அந்தக் கைகளிலேயே இருந்தது.

பொன்னாடை எங்கள் அலுமாரியில் இருக்கிறது. அந்த மூலைக்குப் புதுக் குஞ்சம் கட்டித் தருகிறேன் என்று மச்சாள் எத்தனையோ தரம் கேட்டுவிட்டாள். நான் விடவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அந்த மூலையைத்தான் முதலில் விரித்துக் காட்டுவேன். பிறகு இவரைக் கூப்பிட்டுக் கையைக் காட்டச் சொல்லுவேன்.